தோட்டத்தில் ஒரு செங்கோட்டைப் பாதை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"அந்தப் பொம்மை ரெயிலைப் பற்றி ஒரு கால்மணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். பேச வந்திருப்பவர் ஒருவர்தாம். அதுவும் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு, கரக்பூர் ரெயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டிக்கொண்டிருக்கும் எழுத்தர். ஆனால் அந்தப் பாதையைப் போட்டவர் ஒருவர் அல்லர். தோட்டத்தைக் கொடுத்தவர் பணிமனையில் பிட்டராக இருக்கும் நண்பர். மின்சார வேலைகளைப் பார்த்தவர் சிக்னல் பகுதியில் பணிபுரிபவர். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே "நாங்கள்" என்றே பேசுவோம். குற்றங்குறை இருந்தால் அதை மட்டும் எழுத்தர் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அது பொம்மை அன்று. பொம்மை ரெயில் மேசை மேல் ஓடும். சாவி கொடுத்தால் ஓடும். அலுத்தால் பெட்டிக்குள் போய்விடும். தோட்ட ரெயில் வெயிலில் காய்கிறது, மழையில் நனைகிறது, எறும்பு அதன் அடியில் புற்று வைக்கிறது. உண்மையான இருப்புப்பாதைக்கு வரும் நோய்களெல்லாம் அதற்கும் வருகின்றன. இருபது ஆண்டுகளாக ரெயில்வேயில் சம்பளம் வாங்கியும் நாங்கள் அறியாத பல விஷயங்களை, பதினொரு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள அந்தக் கொல்லைப்புறம் கற்றுக்கொடுத்தது.

இந்தப் பொழுதுபோக்கு மேல்நாடுகளில் பழையது. 45 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு தண்டவாளத்தை 1891-இல் ஜெர்மனியில் மார்க்லின் என்னும் நிறுவனம் ஒரு முறைக்குள் கொண்டுவந்தது. பின்பு 1968-இல் நூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம் அதே 45 மில்லிமீட்டர்ப் பாதையை எடுத்து, தோட்டத்தில் மழையிலும் வெயிலிலும் ஓடக்கூடிய வண்டிகளைச் செய்து விற்றது. ஐரோப்பாவின் மலைப்பக்கங்களில் ஓடும் மீட்டர் கேஜ் வண்டிகளே அவர்களுக்கு மாதிரி. ஆகவே உண்மையான வண்டியில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு என்று அளவு வைத்தார்கள். குழந்தைகள் பெருக்கிப் பார்க்கட்டும்: 45-ஐ 22.5-ஆல் பெருக்கினால் 1012.5. ஒரு மீட்டருக்குப் பன்னிரண்டரை மில்லிமீட்டர்தான் அதிகம்.

மீட்டர் கேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே பலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் எழும்பூரிலிருந்து தெற்கே சென்றதெல்லாம் அந்தப் பாதையில்தானே! 1992-இல் எல்லாப் பாதைகளையும் அகலப் பாதையாக்கும் திட்டம் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக அவை மறைந்தன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லிருந்து ஓடிய மீட்டர் கேஜ் மின்வண்டிகூட 2004 ஜூலையில் நின்றுவிட்டது. வேகமும் வசதியும் கூடியது உண்மை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் செய்வதானால் மீட்டர் கேஜ் வண்டியையே செய்வது என்று நாங்கள் முடிவு செய்தோம். எங்கள் பிள்ளைகள் அதைக் கண்ணால் கண்டதில்லை.

2021 டிசம்பரில் வேலை தொடங்கிற்று. வெளிநாட்டுச் சாமான் வாங்கும் எண்ணம் இருக்கவில்லை. ஒரு இஞ்சினின் விலையைக் கேட்ட மாத்திரத்தில் எங்கள் வீட்டு அம்மையார்கள் அந்தப் பேச்சை முடித்துவைத்தார்கள். பிட்டர் நண்பர் பித்தளைப் பட்டை வாங்கிவந்தார். தேக்குத் துண்டுகளை ரம்பத்தால் அறுத்துச் சிறு சிலீப்பர்கள் ஆக்கி, அவற்றில் காடி வெட்டி, பட்டையைச் செங்குத்தாகச் செருகினோம். இரண்டு பட்டைகளுக்கும் இடையே 45 மில்லிமீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டோம். பதினைந்து நாள் உழைப்பு. பொங்கலன்று பார்வைக்கு வைத்தோம். மறுநாள் காலையில் சிலீப்பர்கள் இருந்தன, பித்தளை இல்லை. கள்வனுக்கு நாங்கள் நன்றி சொல்லவேண்டும். பித்தளை இருந்திருந்தால் தண்டவாளத்தின் வழியே மின்சாரம் பாய்ச்சி ஓட்ட முயன்று, பாசி பிடிக்கப் பிடிக்கத் துடைத்துக்கொண்டே காலம் கழித்திருப்போம். களவு போனபின் அலுமினியப் பட்டைக்கு மாறினோம். மின்கலத்தை வண்டிக்குள்ளேயே வைத்துக் கம்பியில்லாக் கருவியால் ஓட்டுவது என்று ஏற்பட்டது. இன்றுவரை தண்டவாளத்தைத் துடைத்ததில்லை.

அலுமினியத்துக்கு வேறொரு குணம் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலை நீங்கள் அறிவீர்கள். காலைக் குளிர்ச்சிக்கும் நடுப்பகல் சூட்டுக்கும் முப்பது டிகிரி வித்தியாசம் வந்தால், பன்னிரண்டு அடிப் பட்டை ஒன்று இரண்டரை மில்லிமீட்டர் நீளுகிறது. நாங்கள் ஒட்டி ஒட்டி வைத்திருந்தோம். ஏப்ரலில் ஒரு நாள் மதியம் பார்த்தால் பாதை பாம்புபோல் நெளிந்து கிடக்கிறது! பெரிய பாதையில் இரண்டு தண்டவாளம் கூடும் இடத்தில் இடைவெளி விட்டுப் பிஷ்பிளேட்டின் துளையை நீளவாட்டில் ஏன் வைக்கிறார்கள் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. தினந்தோறும் அந்த இணைப்புகளின் மேல் நடந்து அலுவலகம் போகிறவர்கள் நாங்கள்.

அடுத்தது மழை. நம் நிலம் செம்பூரான்கல் நிலம். காய்ந்தால் பாறை, நனைந்தால் குழம்பு. முதல் ஆண்டு மோரத்தைக் கொட்டி, தட்டி, அதன்மேல் பொடி ஜல்லி பரப்பினோம். ஜூலையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. பாதி மேடு மதில் ஓரமாகப் பக்கத்து வங்காளி அம்மையாரின் சாமந்திப் பாத்திக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த மாசிமா எங்களை ஒன்றும் சொல்லவில்லை; தாம் மண்வாரியை எடுத்து எங்கள் ஜல்லியை வாரி எங்கள் பக்கம் கொட்டினார். சொல்லியிருந்தால் இத்தனை வெட்கமாக இராது. இரண்டாம் முறை ஒரு சாண் அகலத்துக்குக் கான்கிரீட் படுகை போட்டு, மூன்றடிக்கு ஒரு குழாய்த் துண்டை அடியில் குறுக்கே புதைத்துத் தண்ணீருக்கு வழி விட்டோம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்ட படுகை அது. அதற்குப்பின் ஒரு கல்லும் நகரவில்லை.

இஞ்சின் செய்த கதையைச் சுருக்கிச் சொல்லுகிறோம். தெற்கே நெடுங்காலம் ஓடிய ஒய்.டி.எம்.4 என்னும் டீசல் இஞ்சினைத் தேர்ந்துகொண்டோம். நிலக்கரி இஞ்சினில் தண்டுகளும் நெம்புகோல்களும் அதிகம். டீசல் இஞ்சினோ வெளிப்பார்வைக்கு ஒரு பெட்டிதான். எண்ணெய் டின்னின் தகரம் உடலாயிற்று. சக்கரங்களைக் கோல்பஜாரில் லேத் வைத்திருப்பவர் கடைந்துகொடுத்தார். பணிமனையிலிருந்து ஓர் ஆணிகூட வரவில்லை என்பதை இந்தச் சபையில், குறிப்பாக முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகள் முன்னிலையில், பதிவு செய்துகொள்ள விரும்புகிறோம். பெட்டிகளில் மட்டும் ஒரு தில்லுமுல்லு உண்டு. உண்மையான மீட்டர் கேஜ் பெட்டி ஏறக்குறைய இருபது மீட்டர். நம் அளவில் தொண்ணூறு சென்டிமீட்டர் வரவேண்டும். ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள எங்கள் வளைவில் அத்தனை நீளப் பெட்டி திரும்பாது. அறுபதாகக் குறைத்தோம். நம் கரக்பூர் நடைமேடையைச் செய்யச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டார்கள். உலகத்திலேயே நீளமானது என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நடைமேடை. 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹூப்ளியும் அதை முந்திவிட்டன. அந்த 1072 மீட்டரை நம் அளவுக்குக் குறைத்தாலும் 47 மீட்டருக்கு மேல் வரும். எங்கள் பாதை முழுவதையும் சுற்றிவந்தாலே 30 மீட்டர்தான்!

இப்பொழுது, உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறோம்.

தோட்டம் சமதளமாக இல்லை. கிணற்றுப் பக்கம் உயரம். நாற்பதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் எட்டு மீட்டர் தூரம் வண்டி ஏறவேண்டும். இஞ்சின் நாலு கிலோ. பெட்டிகள் நான்கும் சேர்ந்து எட்டுக் கிலோ. சமதளத்தில் நன்றாகப் போயிற்று. ஏற்றத்தில் பாதியில், சரியாக வளைவு தொடங்கும் இடத்தில், சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பெரிய பாதைகளில் ஏற்றமும் வளைவும் சேரும் இடத்தில் ஏற்றத்தைக் கொஞ்சம் தணித்துப் போடுவார்கள் என்பதைப் பின்னால்தான் கேட்டறிந்தோம். கான்கிரீட்டை உடைத்து மறுபடி போட எங்களுக்குத் தெம்பு இல்லை. இஞ்சினுக்குள் ஈயத்தை வைத்துக் கனத்தைக் கூட்டினோம்; மோட்டார் சூடேறிப் புகைந்தது. ஒரு வாரம் இப்படிப் போராடினோம்.

எதிர் வீட்டில், மகளோடும் மருமகனோடும் ஒரு பெரியவர் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாகத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வணக்கம் சொன்னால் தலையை அசைப்பார். இந்தி தெரியாது, வங்காளி தெரியாது, கண்ணில் புரை. பேத்திக்குத் தமிழ் சரளமாக வராது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் மாலை ஆறு மணிவரை அவரிடம் பேச ஆள் இல்லை. நாங்களும் பேசவில்லை, அதை இங்கே ஒளிப்பதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வாசலைக் கடந்துதான் அந்தத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அன்று இஞ்சின் வழுக்கிக்கொண்டு கிறீச்சிட்டபோது அவர் வேலியருகே வந்து நின்றார். "எய்யா, ஒத்த இஞ்சின்ல ஏத்தம் ஏறுமாய்யா? பின்னால ஒண்ணு போட்டுத் தள்ளணும்லா?" என்றார்.

நாங்கள் திகைத்துப்போனோம். பெரியவர் செங்கோட்டைக்காரர். டிரைவராக இருந்தவர். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலைமேல் நிலக்கரி இஞ்சினும் டீசல் இஞ்சினும் ஓட்டியவர். 1904-இல் திறந்த அந்தப் பாதையில் முன்னால் ஓர் இஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் இஞ்சின் தள்ள, வண்டி மலை ஏறும், சுரங்கங்களைக் கடக்கும், கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தைக் கடக்கும். 2010-இல் மீட்டர் கேஜ் அங்கே நின்றது. அகலப் பாதை போட்டு 2018-இல் முழுத் தூரமும் திறந்தார்கள். இவையெல்லாம் அன்று மாலை ஒரே மூச்சில் அவர் சொன்னவை. இரண்டு ஆண்டுப் பேச்சை ஒரு மாலையில் பேசினார் என்றால் மிகையாகாது. அவருடைய மகள் வேலையிலிருந்து திரும்பி வந்து, வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

இரண்டாவது இஞ்சினைச் செய்ய இரண்டு மாதம் பிடித்தது. வண்டி மேட்டில் ஏறியது. ஆனால் புதிய தொல்லை. பின் இஞ்சின் வேகமாகத் தள்ளினால் நடுப்பெட்டி வளைவில் கிளம்பி வெளியே விழும். முன் இஞ்சின் முந்தினால் கொக்கி கழன்று பாதி வண்டி கீழே உருண்டுவரும். இரண்டு இஞ்சினையும் இரண்டு பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். ஒருவன் கிணற்றடியில், மற்றவன் மாமரத்தடியில். ஒருவரோடொருவர் இந்தியில் கத்துவார்கள். நடுவில் நாற்காலியில் இருக்கும் பெரியவருக்கு ஒன்றும் விளங்காது. கண்ணும் சரியாகத் தெரியாது. அவருக்கு விளங்காவிட்டால் வண்டி விழும். ஏனென்றால் எப்பொழுது தள்ளவேண்டும், எப்பொழுது விடவேண்டும் என்பது அவர் காதுக்குத்தான் தெரியும். ஆகவே அவர் "தள்ளு" என்றார், "இழுத்துப் பிடி" என்றார், "விடு, விடு, சும்மா வா" என்றார். பிள்ளைகளும் "மேடு வந்துட்டுது தாத்தா", "பின்னாடி நிக்குது தாத்தா" என்று பதில் சொல்லக் கற்றார்கள். தமிழ் வகுப்புக்கு வரச்சொல்லி நம் சங்கம் மூன்று ஆண்டு சுற்றறிக்கை அனுப்பியது. அந்தச் சுற்றறிக்கைகளைத் தட்டெழுதியவர் என்ற முறையில் எழுத்தருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

அவர் காதைப் பற்றி இன்னும் ஒன்று. ஒரு நாள் வண்டி வளைவில் போகும்போது, "கத்துதே, கேக்கலையா? பாதை இறுக்கமா இருக்கு" என்றார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கட்டையை வைத்து அளந்தோம். 45 மில்லிமீட்டர் துல்லியமாக இருந்தது. வளைவிலும் அதே அளவு வைத்ததுதான் பிழை என்றார். கடும் வளைவில் பாதையைச் சற்று அகட்டிப் போடவேண்டும். இல்லையேல் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தைத் தின்னும். ஒரு மில்லிமீட்டர் அகட்டினோம். சத்தம் நின்றது எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. மின்கலம் முன்பைவிட அதிக நேரம் நீடித்தபோதுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது. வேகத்திலும் அவர் கண்டிப்பு மிகுந்தவர். பிள்ளைகள் விரட்டுவார்கள். 75 கிலோமீட்டர் வேகத்தை 22.5-ஆல் வகுத்தால் நொடிக்கு ஒரு மீட்டர்கூட வராது. அதுவும் சமதளத்துக்குத்தான், மலையில் அதில் பாதிக்கும் குறைவு என்பார்.

பின்பு பாலம் வேண்டும் என்றார். பதின்மூன்று கண், ஒன்று குறைந்தாலும் ஒப்பமாட்டேன் என்றார். நாலங்குலப் பிளாஸ்டிக் குழாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்து அச்சாக வைத்து, சிமெண்டுக் கலவை ஊற்றினோம். இரண்டு மீட்டர் நீளம் வந்தது. கலவை இறுகுமுன் பிள்ளைகள் ஆணியால் கீறிக் கல் அடுக்கிய தோற்றம் கொடுத்தார்கள். கடைசிக் கண்ணில் கல் வரிசை சாய்ந்திருக்கும். அது பக்கத்து மாசிமாவின் பேரன் கீறியது. அவனை விட்டுவிட்டு வண்டி ஓட்ட முடியாது என்ற நிலைமை அப்பொழுதே வந்துவிட்டது. "நில்லு, நில்லு" என்று அவன் கத்துவது இப்பொழுது தெரு முனைவரை கேட்கிறது.

பாலத்துக்குப்பின் பெயர்ப்பலகைகள். செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், இடமண், புனலூர். முப்பது மீட்டரில் ஒன்பது நிலையம் அதிகந்தான். ஆனால் அவர் ஒன்றையும் விடச் சம்மதிக்கவில்லை. மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்து. எழுத்தர் வீட்டுப் பையனிடம் தூரிகையைக் கொடுத்து, "தென்மலை என்று எழுது" என்றோம். அவன் வயது பதினொன்று. எங்கள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும் அப்பா?" என்று கேட்டான். எழுதத் தெரியாது என்பது மட்டுமன்று. கொம்பு எழுத்துக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதும் தெரியாது. வீட்டில் தமிழ் பேசுகிறோம், தமிழ்ப்படம் பார்க்கிறோம், ஆண்டு விழாவில் மேடை ஏறுகிறோம். பிள்ளைக்கு ஓர் ஊர்ப்பெயரை எழுத வரவில்லை. அந்த நிமிஷத்தில் பெரியவர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குச்சியை எடுத்துச் செம்மண்ணில் அவன் முன்னால் பெரிதாக எழுதினார். கண் தெரியாததனால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அவன் அதைப் பார்த்துப் பலகையில் எழுதினான். கழுதுருட்டிக்கு வந்தபோது 'ழு'வை மூன்று முறை அழித்து எழுதினான். அந்தப் பலகைகளை இன்று இந்த மண்டப வாசலில் வைத்திருக்கிறோம். எழுத்தில் கோணல் இருக்கிறதென்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

இப்பொழுது எட்டுப் பிள்ளைகள் ஒன்பது பலகையையும் படிக்கிறார்கள். பலகை தீர்ந்தபின் பெரியவர் கால அட்டவணை எழுதச் சொன்னார். பின் பார்சல் சீட்டு, எச்சரிக்கைச் சீட்டு என்று ஒவ்வொன்றாக வந்தது. மாமரத்திலிருந்து பிஞ்சு விழுந்தால் 'பாறை சரிந்தது' என்று ஒரு நோட்டில் பதிந்துவைக்கிறார்கள். கால்வைசாகிப் புயல் அடித்த மறுநாள் நோட்டில் இரண்டு பக்கம். பிழைகள் மலிந்த தமிழ்தான்.

இனி எங்கள் கோரிக்கை. தோட்டத்துக்குரிய பிட்டர் நண்பர் வரும் மே 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். நான்கு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். விதி அப்படி, அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. அடுத்து வருபவர் கத்தரிக்காய் போடலாம், அவர் உரிமை. எங்களில் மற்றவர்கள் மாடிவீட்டில் இருக்கிறோம், தோட்டம் கிடையாது. இந்த மண்டபத்தின் தென்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே, உடைந்த நாற்காலிகள் கிடக்கும் இடத்தைச் சென்ற ஞாயிறு அளந்துபார்த்தோம். பன்னிரண்டு மீட்டருக்கு ஆறு மீட்டர் இருக்கிறது. ஏற்றம் இல்லை, ஆனால் மண்ணைக் கொட்டி ஏற்றம் உண்டாக்கலாம். ஏற்றம் இல்லாவிட்டால் பின் இஞ்சினுக்கு வேலை இல்லை. பெரியவருக்கும் வேலை இல்லை. அவர் முன் வரிசையில்தான் இருக்கிறார். தம்மைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவேன் என்று எச்சரித்தே வந்திருக்கிறார்.

செயற்குழு அந்த இடத்தை எங்களுக்கு ஒதுக்கித் தரவேண்டும் என்று எழுத்து மூலமான விண்ணப்பத்தைத் தலைவர் அவர்களிடம் இப்பொழுதே கொடுக்கிறோம். பணம் கேட்கவில்லை. பட்டைகளும் சிலீப்பர்களும் கழற்றிக்கொண்டு வரக்கூடியவை. படுகையைப் புதிதாகப் போடவேண்டும். சிமெண்டு நாலு மூட்டை எங்கள் பொறுப்பு. பாலந்தான் ஒரே துண்டாக இருக்கிறது. ஏறக்குறைய எண்பது கிலோ. அறுத்தால் கண் உடையும். ஜூன் மாதம் மழைக்குமுன், முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, அதைத் தெருவோடு தூக்கிவர ஆறு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் வெளியே போகும்போது வாசலில் பலகைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம்; தமிழில் எழுதினால் பிள்ளைகள் படிப்பார்கள். நாடகத்துக்கு நேரமாகிவிட்டது.